பழைய ராக் எல்.பி. வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரிக் காலத்தில் தேயத் தேயக் கேட்ட பிங்க் ஃபிளாய்டையும் லெட் செப்பலினையும் அந்தக் காலத்து ரெக்கார்டிலேயே திரும்பக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் இணையத்தில் தேடினால், ஒரே ஆல்பம் நூற்றுக்கணக்கான பதிப்புகளாக வந்து நிற்கும். அட்டைப் படம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். விலைதான் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஆல்பத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள், கைக்கு வரப்போகும் அந்த ஒரு தட்டைப் பார்ப்பதில்லை. அதை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும், எத்தனை நாளாகும் என்பதற்கு மட்டும் இந்தக் கட்டுரை. எந்த இசைக்குழு பெரியது என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை.

1. உங்கள் காதில் இருப்பது எந்தப் பதிப்பு?

விலை பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. 1960களில் ஒரே பெயரில் வந்த ஆல்பம் இங்கிலாந்தில் ஒரு மாதிரியும் அமெரிக்காவில் வேறு மாதிரியும் இருக்கும். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' (1965) இங்கிலாந்துப் பதிப்பில் 14 பாட்டு, அமெரிக்கப் பதிப்பில் 12. ஆரம்பப் பாட்டே வேறு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஆஃப்டர்மாத்' (1966) இங்கிலாந்தில் 14, அமெரிக்காவில் 11. 'பெயின்ட் இட் பிளாக்' அமெரிக்கத் தட்டில்தான் முதல் பாட்டு. இங்கிலாந்துத் தட்டில் அது கிடையாது. அந்தப் பாட்டுக்காகவே இங்கிலாந்து முதல் பிரஸ்ஸிங்கை, அதாவது முதல் தடவை வார்த்த தட்டைத் தேடிப் பிடித்து வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மோனோ, ஸ்டீரியோ விவகாரமும் இதே மாதிரிதான். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' (1967) மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனியாகக் கலக்கப்பட்டவை. 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலிக்கும். நீங்கள் பழகியது ஸ்டீரியோ என்றால், மோனோவுக்கு அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு ஏதோ தப்பாக இருக்கிறதே என்று தோன்றும்.

ஆகவே நினைவில் இருக்கும் பாட்டு வரிசையை எழுதி, ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தின் பதிப்புப் பட்டியலைத் திறந்து, நாடு வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அதோடு இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: வாங்குவது கேட்பதற்கா, சேர்த்து வைப்பதற்கா? கேட்பதற்கு என்றால் அதே பத்தாண்டில் வந்த இரண்டாம், மூன்றாம் பிரஸ்ஸிங்கே பல நேரம் போதும். பணம் பெருமளவு மிஞ்சும்.

2. தட்டுக்கு முன் கருவி

சூட்கேஸ் மாதிரி மடித்து வைக்கிற மலிவு பிளேயர்களில் முள் 5 கிராம் வரைகூட அழுத்தும். சரியான டர்ன்டேபிளில் பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள் பொருந்தியிருக்கும் பாகம்) 1.5 முதல் 2.5 கிராம் போதும். ஐம்பது ஆண்டுப் பழைய தட்டை முன்னதில் போடுவது பாவம். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொல்லும் எடையைச் சிறிய எடைமானி வைத்து அளந்து வையுங்கள். முள்ளின் ஆயுள் வகையைப் பொறுத்து 500 முதல் 1000 மணி நேரம். பழைய டர்ன்டேபிள் வாங்கினால் அதில் இருக்கும் முள்ளை நம்பாமல் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

ஒலி மெலிந்து, பேஸ் இல்லாமல் தகர டப்பா மாதிரி வந்தால் தட்டைக் குறை சொல்ல வேண்டாம். டர்ன்டேபிளை ஃபோனோ ப்ரீஆம்ப் (டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி) இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருப்பீர்கள். ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைந்தால் எர்த் வயர் இணைக்கப்படவில்லை.

3. ரன்-அவுட்டைப் படிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத ஒரு மொட்டை வளையம் இருக்கும். அதுதான் ரன்-அவுட். அதில் சில எழுத்துகளும் எண்களும் கையால் கீறியோ அச்சால் குத்தியோ இருக்கும். அதுதான் மேட்ரிக்ஸ். எந்த அச்சிலிருந்து தட்டு வார்க்கப்பட்டது, பல சமயம் யார் வெட்டியது (டேப்பில் இருக்கும் ஒலியைத் தடமாகச் செதுக்கியது) என்பதுவரை அதில் தெரிந்துவிடும். அட்டையை மாற்றி வைக்கலாம். இதை மாற்றுவது எளிதல்ல.

அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆல்பத்தின் எண் மட்டும் ஏன் போதாது என்பதற்கு பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' நல்ல உதாரணம். 1973 மார்ச்சில் வெளிவந்த இங்கிலாந்துப் பதிப்பின் எண் எஸ்.எச்.வி.எல். 804. பிறகு பல ஆண்டுகள் வந்த மறுபதிப்புகளிலும் அதே எண்தான். முதல் பிரஸ்ஸிங்கில் லேபிளில் இருக்கும் முக்கோணம் நீலம் நிரம்பியதாக இருக்கும். பிந்தியவற்றில் வெறும் கோட்டு முக்கோணம். மேட்ரிக்ஸின் கடைசியில் ஒரு பக்கம் ஏ-2, மறுபக்கம் பி-2 என்று இருக்க வேண்டும். 'ஒரிஜினல் 1973, எஸ்.எச்.வி.எல். 804' என்று மட்டும் எழுதி லேபிள் படம் போடாத விளம்பரம் எத்தனை மலிவாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

இரண்டாவது உதாரணம் 'லெட் செப்பலின் 2' (1969). அமெரிக்காவில் ராபர்ட் லட்விக் வெட்டிய முதல் அச்சு அதிரடியான சத்தம் கொண்டது. சாதாரண பிளேயர்களில் முள் துள்ளுகிறது என்று புகார் வந்ததால் அதை நிறுத்திவிட்டு அடக்கமான வேறு வெட்டைக் கொண்டுவந்தார்கள். லேபிளைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ரன்-அவுட்டில் ஆர்.எல். என்ற கீறல் இருக்கிறதா என்பதுதான் அடையாளம். அது இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் இருக்கும் தட்டுகளும் சந்தையில் உண்டு, அவற்றுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

பொது விதி ஒன்று சொல்வார்கள்: குழு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுத் தட்டை வாங்கு, மூல டேப் அங்கேதான் இருக்கும், மற்ற நாடுகளுக்குப் போனது நகல் டேப். பெரும்பாலும் சரி. ஆனால் மேலே பார்த்த லெட் செப்பலின் இங்கிலாந்துக் குழு, அதன் ஆல்பத்துக்கு அமெரிக்க வெட்டைத் தேடி ஓடுகிறார்களே, அதனால் விதியை முழுதாக நம்பவும் முடியாது.

வேறு சில அடையாளங்கள்: இங்கிலாந்துத் தட்டுகளில் 'போர்க்கி' என்ற கீறல் இருந்தால் வெட்டியவர் ஜார்ஜ் பெக்கம். அமெரிக்க அட்லான்டிக் லேபிளின் விளிம்பில் 1841 பிராட்வே என்ற முகவரி இருந்தால் முந்தியது. 75 ராக்ஃபெல்லர் பிளாசா என்றால் 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. அட்டையில் பார்கோடு இருந்தால் அது 1970களின் கடைசிக்கு முன்பு அச்சானதாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையே 'ஒரிஜினல்' என்று விற்கப்படும் பாதித் தட்டுகளைக் கழித்துக் கட்டிவிடும்.

ஒரு பொறி: லேபிளில் வட்டத்துக்குள் 'பி' போட்டு அச்சிட்டிருக்கும் ஆண்டு ஒலிப்பதிவு உரிமையின் ஆண்டு, தட்டு வார்த்த ஆண்டு அல்ல. 1990இல் வார்த்த தட்டிலும் 1973 என்றே இருக்கும். விற்பவர் பொய் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை, பல பேர் அதைப் பார்த்துத்தான் உண்மையாகவே 1973 என்று எழுதுகிறார்கள்.

மேட்ரிக்ஸை விற்பவர் எழுத்தில் தந்தால் போதாது, படம் கேளுங்கள். டிஸ்காக்ஸ் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் நிறைய. தட்டைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி பிடித்தால் செல்பேசிக் கேமராவிலேயே எழுத்து தெளிவாக விழும். 'கேமராவில் வரவில்லை' என்பது சாக்கு.

4. அட்டைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

அந்தக் காலத்து ராக் ஆல்பங்கள் பலவற்றில் கூடவே தாள்கள் வரும். அவை இல்லாவிட்டால் விலை குறைய வேண்டும். குறிப்பாக இவை:

'டார்க் சைட்' இங்கிலாந்துப் பதிப்பில் இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர். பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் (1968) ஒரு போஸ்டர், நான்கு படங்கள். அட்டையில் வரிசை எண் குத்தியிருக்கும். இங்கிலாந்து முதல் பதிப்பில் தட்டை மேல்பக்கமாக எடுக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' என்றால் வெட்டியெடுக்கும் அட்டைத் தாள். தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' (1970) என்றால் 12 தனித்தாள்கள். எண்ணிப் பார்க்காமல் வாங்கினால் எட்டோ ஒன்பதோ வரும். ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' (1972) அட்டையே 12 பக்கச் செய்தித்தாள். எல்லாப் பக்கமும் இருக்கிறதா, மடிப்பில் கிழிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) அட்டையில் நிஜ ஜிப் இருக்கும். அடுக்கி வைத்து அனுப்பியபோது அந்த ஜிப் தட்டை அமுக்கி, இரண்டாம் பக்கத்துப் பாட்டொன்றைக் கெடுத்தது. ஜிப்பைப் பாதிவரை இறக்கி வைத்தால் அழுத்தம் நடு லேபிளில் விழும், பாட்டுக்குச் சேதமில்லை. வாங்கும்போது விற்பவரிடம் இப்படி இறக்கி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டிலும் அப்படியே வையுங்கள். தட்டை வெளியே எடுத்துத் தனி உறையில் வைப்பது இன்னும் நல்லது.

கையெழுத்துப் போட்ட ஆல்பம் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். பீட்டில்ஸுக்காக அவர்களுடைய ரோடு மேனேஜரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலம் அது. உடன் வரும் 'உண்மைச் சான்றிதழ்' யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளக்கூடிய தாள்.

5. தரக் குறியீடு

பெரும்பாலான விற்பனையாளர்கள் அமெரிக்க கோல்ட்மைன் இதழின் அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள். மேலிருந்து கீழாக மின்ட், நியர் மின்ட், வி.ஜி. (வெரி குட்) பிளஸ், வி.ஜி., ஜி. (குட்) பிளஸ், ஜி. இதில் நிம்மதியாகக் கேட்க வேண்டுமானால் வி.ஜி. பிளஸ்தான் கீழ் எல்லை. வி.ஜி. என்றால் மெல்லிய இடங்களில் படபடப்பு நன்றாகக் கேட்கும். ஜி. தட்டை அட்டைக்காக மட்டும் வாங்கலாம்.

இங்கிலாந்து விற்பனையாளர்கள் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோலை வைத்திருப்பார்கள். அதில் மின்ட்டுக்கு அடுத்து எக்ஸலன்ட், அதற்கு அடுத்து வி.ஜி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விலைக் கணக்கு தப்பிவிடும். எந்த அளவுகோல் என்று ஒரு வரியில் கேட்டுவிடுங்கள்.

குறியீடு தட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனி. கண்ணால் பார்த்துக் கொடுத்த தரமா, போட்டுக் கேட்டுக் கொடுத்ததா என்பது அதைவிட முக்கியம். தேய்ந்த தடம் கண்ணுக்குப் பளபளவென்றுதான் தெரியும். போட்டால் குரல் கரகரக்கும். ஹெவி ராக் தட்டுகளில் இது அதிகம், ஏனென்றால் சொந்தக்காரர் அதை மட்டமான பிளேயரில் ஆயிரம் முறை ஓட்டியிருப்பார்.

6. சோதிப்பது: நேரிலும் தூரத்திலும்

நேரில் என்றால் ஒற்றை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் கேட்காது. நகத்தால் மெல்ல வருடினால் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். அந்தச் சத்தம் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று திரும்ப வரும், ஏனென்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் தட்டு எக்கச்சக்கமாக ஓடியிருக்கிறது. பிறகு கண் மட்டத்தில் வைத்து வளைவு பாருங்கள்.

போட்டுக் கேட்க விட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். வெளி விளிம்பில் முள்ளுக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடும், உள்ளே போகப் போக அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே இசை சின்ன இடத்தில் நெருக்கப்படுவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டுகிற கடைக்காரருக்கும் இது தெரியும்.

தூரத்திலிருந்து வாங்கினால் ஒரே செய்தியில் இவற்றைக் கேளுங்கள்: இரு பக்க லேபிள் படம், இரு பக்க ரன்-அவுட் படம், விளக்கின் கீழ் தட்டின் படம், அட்டையின் முதுகுப் படம், உள்ளே இருக்கும் தாள்களின் படம். போட்டுக் கேட்டாரா, எந்த இடத்திலாவது முள் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் விட்டுவிடலாம். இந்த உரையாடலைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடத்துங்கள். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

7. மொத்தச் செலவு

விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை அல்ல. டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் உண்மையில் விற்ற விலைகளின் குறைந்தது, நடுவானது, அதிகபட்சம் தெரியும். நடுவான விலையை வைத்துப் பேசுங்கள். அதிகபட்ச விலை பெரும்பாலும் பிரிக்காத தட்டுக்கோ எல்லாத் தாள்களும் உள்ள அருமையான பிரதிக்கோ போனது.

வெளிநாட்டிலிருந்து வந்தால் கணக்கு இப்படிப் போகும். தட்டு 100 என்று வையுங்கள், அஞ்சல் 60. பல நாடுகளில் வரி பொருளுக்கு மட்டுமல்ல, அஞ்சலும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. 20 சதவீதம் என்றால் 32. கூரியரின் சுங்கக் கையாளல் கட்டணம் 10. ஆக 202, விலையைப் போல இரண்டு மடங்கு. அதே விற்பனையாளரிடம் இரண்டு தட்டு வாங்கினால் அஞ்சல் 75 ஆகலாம். 275க்கு வரி 55, கட்டணம் 10, மொத்தம் 340. ஒரு தட்டுக்கு 170. ஒற்றைத் தட்டுப் பார்சலில் எடையில் பெரும்பங்கு பேக்கிங் அட்டைதான் என்பதால் இரண்டாவது தட்டு ஏறக்குறைய ஓசியில் பயணிக்கிறது. உங்கள் நாட்டு வரி விகிதத்தைப் போட்டு இதே கணக்கைப் பணம் கட்டும் முன் எழுதிப் பாருங்கள். நாணய மாற்றுக்கு வங்கி எடுப்பதையும் சேருங்கள்.

8. காகிதங்கள்

வைத்திருக்க வேண்டியவை நான்கு: விலைப் பட்டியல், பணம் கட்டிய ரசீது, கண்காணிப்பு எண், விற்பவரோடு நடந்த உரையாடல். இசைத்தட்டுகள் சுங்கத்தில் 8523.80 என்ற எண்ணின் கீழ் வரும். விற்பவரிடம் அதை எழுதச் சொன்னால் பார்சல் வகைப்பாடு தெரியாமல் தேங்காது. அஞ்சலில் வந்தால் பார்சல் மேல் சி.என். 22 என்ற சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்டியிருக்க வேண்டும், மதிப்பு அதிகமென்றால் சி.என். 23.

'அன்பளிப்பு என்று போட்டு அனுப்பட்டுமா, வரி மிச்சம்' என்று சில விற்பனையாளர்கள் தாங்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம்; தட்டு உடைந்து வந்தால் அறிவித்த சொற்பத் தொகைக்குத்தான் இழப்பீடு.

பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொன்னாலும் அதே பதில்தான். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பே இல்லை. சரக்குக்கான வழியில் கட்டினால் 180 நாளுக்குள் புகார் எழுப்பலாம்.

9. அனுப்பும் முறையும் காலமும்

தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கி, அட்டையின் விளிம்பைப் பிளந்துகொண்டு வரும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரிக்காத தட்டுக்கு மட்டும் இது பொருந்தாது.

வெளிநாட்டு அஞ்சலுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பல நாள் நகராமல் நிற்பது சாதாரணம். கடும் வெயில் மாதங்களில் விலையுயர்ந்த தட்டைத் தருவிப்பதைத் தள்ளிப் போடலாம். மூடிய வண்டிக்குள் வினைல் வளைய அதிக நேரம் பிடிக்காது.

10. பார்சல் வந்த பிறகு

பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள். தட்டைக் கொஞ்ச நேரம் அறை வெப்பத்துக்கு வர விட்டு, இரண்டு நாளுக்குள் இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேளுங்கள். ரன்-அவுட்டை அனுப்பிய படத்தோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் உடனே படத்தோடு எழுதுங்கள். விவகாரம் முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் துறையிடம் இழப்பீடு கேட்டால் அவர்கள் பேக்கிங்கையும் பார்க்கக் கேட்பார்கள்.

புகார் எழுதும் முன் இரண்டு விஷயம். 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இங்கிலாந்துத் தட்டின் கடைசியில் யாரோ பேசுவது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். முள் சிக்கவில்லை, அப்படியேதான் வெட்டியிருக்கிறார்கள். 'லைவ் அட் லீட்ஸ்' பதிவில் வரும் படபட ஒலி மூல டேப்பிலேயே உள்ளது; அதைத் திருத்த வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதியிருக்கும்.

11. கழுவி, உறை மாற்றி வைப்பது

காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, புகைப்படக் கழுவலில் பயன்படும் ஈரமூட்டி லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு. லேபிள் நனையாமல், தடத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் வடித்த நீரால் மறுபடி அலசுங்கள். அலசாமல் விட்டால் படிவு முள்ளில் ஒட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. 78 சுழற்சி அரக்குத் தட்டில் இந்தக் கலவை படவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

பழைய காகித உள்ளுறையைத் தூக்கி எறியாமல் அட்டைக்குள் வெறுமனே வையுங்கள், அதுவும் விலையில் சேர்த்தி. தட்டுக்குப் புதிய பாலிஎத்திலீன் உறை போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், ஆண்டுக்கணக்கில் தட்டோடு ஒட்டிக் கிடந்தால் மேற்பரப்பில் பால் படிந்தாற்போல் புகை படரும், கழுவினாலும் போகாது. செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அலமாரியில் சாய்ந்து கிடக்கும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள், விரல் நுழையாத அளவுக்கு இறுக்கவும் வேண்டாம்.